கதிரும் கூலியும்

வறுமையின் பொருட்டு உடலை விற்கும் பெண்ணுக்கு நம் சமூகம் காலந்தோறும் ஒரே அறிவுரையைத்தான் சொல்லி வந்திருக்கிறது: நூல் நூற்றுப் பிழைத்துக்கொள். கருவி மட்டுமே மாறியது. முதலில் கதிர், பிறகு இராட்டை, அதன்பின் தையல் எந்திரம். அறிவுரையின் உட்கிடை மாறவில்லை. நூல் தூய்மையானது, உழைப்பு மானமுள்ளது, அங்கே வந்துவிட்டால் பழையதைக் கழுவிவிடலாம் என்பதே அது.

இந்த அறிவுரையின் வரலாற்றைத் திருப்பூரில் நின்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும். அவ்வூரில் நூலைத் தவிர வேறு வரலாறு குறைவு. வழிகள் அருகிப்போன இடத்தில் ஒரு பெண் உடலால் பிழைப்பது அறமா என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வினாவைத் தனியே கேட்பது நியாயமன்று என்பது என் எண்ணம். நாம் காட்டிய மாற்று வழியில் அவளால் பிழைக்க முடிந்ததா என்னும் இன்னொரு வினாவையும் அதனுடன் சேர்த்தே கேட்க வேண்டும்.

*

இந்த வழக்கத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். அதன் இரண்டாம் அதிகரணத்தில் நூல் துறையின் அதிகாரியைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. நூற்பு வேலையை யாருக்குத் தரவேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல் உள்ளது. கைம்பெண்கள், உடற்குறை உள்ளவர்கள், மணமாகாத பெண்கள், துறவு பூண்ட பெண்கள், அபராதத்தை உழைப்பால் கழிப்பவர்கள், பரத்தையரின் தாய்மார்கள், அரண்மனையின் முதிய பணிப்பெண்கள், கோயில் பணியிலிருந்து ஓய்ந்த தேவதாசிகள். ஆணின் துணையோ காவலோ இல்லாத பெண்கள் அனைவரும் இப்பட்டியலுள் அடங்கிவிடுகிறார்கள். அதே அதிகரணத்தில் கணிகையருக்கென்று தனி அதிகாரி உண்டு. பரத்தை மாதந்தோறும் இருநாள் வருவாயை அரசுக்கு வரியாகச் செலுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. இளமையில் வரி வாங்கிக்கொண்டு முதுமையில் பஞ்சைக் கையில் கொடுக்கும் அரசு அது. கண்டிக்கத்தக்கதுதான். ஆனால் அது தன் ஏற்பாட்டை மறைக்கவில்லை.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை அந்த நூற்பு அத்தியாயத்தின் தண்டனை விதிகள். விடியற்காலையில் நூலைக் கொண்டுவரும் பெண்ணின் முகத்தை உற்று நோக்கும் அதிகாரிக்கும், வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சை அவளிடம் பேசும் அதிகாரிக்கும் தண்டம் விதிக்கப்படுகிறது. கூலி தரும் காலத்தைக் கடத்துபவனுக்கு அதைவிடக் கூடுதலான தண்டம். நூலைச் சோதிக்கும் அளவுக்கு மட்டுமே விளக்கு இருக்கலாம் என்றும் விதி உண்டு. மறுபக்கத்தில், கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பெண்ணின் விரல்களை வெட்டலாம் என்கிறது அதே அத்தியாயம். இதைக் கருணை என்று சொல்ல வழியில்லை. ஆயினும் இரண்டு உண்மைகளை அந்நூல் அறிந்திருந்தது. நூற்புக் கூடமும் பெண்ணின் உடலுக்குப் பாதுகாப்பான இடமன்று. கூலி தாமதித்தால் மாற்று வழி மாற்று வழியாக இராது.

தமிழ்ச் சான்றுகளில் நூற்கும் பெண்ணின் தனிமையே தெரிகிறது. புறநானூற்றின் 125, 326ஆம் பாடல்களில் பருத்திப் பெண்டு வருகிறாள். பின்னதில் சிறு விளக்கின் ஒளியில் அவளைக் காண்கிறோம். நற்றிணை 353ஆம் பாடலில், துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல் உவமையாகிறது. மருதத்திணைப் பாடல்களில் பரத்தை வருகிறாள். இருவரும் ஒரே சமூகத்தின் பெண்கள். எனினும் ஒருத்தியின் வாழ்வை மற்றவளின் வாழ்வோடு வைத்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்கு ஏற்படவில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் சுடுமண் தக்களிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. திருப்பூருக்கு அருகே நூற்பு எவ்வளவு தொன்மையானது என்பதற்கு அவை சாட்சி. அவற்றைச் சுழற்றிய கைகளுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதற்குச் சாட்சியில்லை.

*

இருபதாம் நூற்றாண்டில் இந்த அறிவுரைக்குப் புதிய வலிமை தந்தவர் காந்தி. 1921இல் காக்கிநாடாவிலும், இன்றைய வங்கதேசத்திலுள்ள பாரிசாலிலும் இத்தொழிலில் இருந்த பெண்களை அவர் சந்தித்தார். அவர் மனம் கலங்கியது உண்மை. ஆணின் இழிவுக்காக ஆணே வெட்க வேண்டும் என்று அவர் கருதியதும் உண்மை. தீர்வாக அவர் முன்வைத்தது இராட்டையை. ஆனால் பாரிசால் பெண்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துப் பொதுப்பணியில் இறங்க முற்பட்டபோது, 1925இல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். முதலில் தொழிலை விட வேண்டும், பிறகே பொதுவாழ்வு என்பது அவர் வாதம். சோற்றுக்கான வழி உறுதிப்படும் முன்பே ஒழுக்கச் சான்றிதழ் கேட்கப்பட்டது.

அதே 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. அதன் தமிழ்நாட்டுக் கிளையின் தலைமையிடம் திருப்பூரில் அமைந்தது. கதருக்கு அவ்வூரே தமிழகத்தின் மையமாயிற்று. முதல் பின்னலாடைத் தொழிற்கூடம் குலாம் காதர் என்பவரால் அங்கே தொடங்கப்பட்டதும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான். அறத்தின் நூலும் சந்தையின் நூலும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் பிறந்தன. எது வென்றது என்பது நமக்குத் தெரியும்.

கதரின் இடர் கூலியில் இருந்தது. நாள் முழுதும் இராட்டை சுற்றியும் சில அணாக்களுக்கு மேல் கிடைக்கவில்லை. இதைக் காந்தியே உணர்ந்தார். 1935இல் நூற்பவர்களுக்கு வாழ்க்கைக் கூலி தரப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா என்பது அவர் விருப்பம். நடைமுறை அதைவிட மிகக் குறைந்த தொகையிலேயே நின்றது. கூலியை உயர்த்தினால் துணியின் விலை ஏறும், விற்பனை குறையும் என்பது கதர்க் கடைகளின் கவலை. ஏற்றுமதியாளர் இன்று சொல்லும் காரணமும் இதுவே என்பது தற்செயலன்று. பெண்ணின் மானத்துக்கு நூலை விலையாகச் சொல்வது எளிது. அந்த நூலுக்கு உரிய விலையைத் தர எவரும் முன்வருவதில்லை.

*

தேவதாசி முறை ஒழிப்பும் இதே காலத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 நவம்பரில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், தாசிகள் அனுபவித்த இனாம் நிலங்களைக் கோயில் பணி என்னும் நிபந்தனையிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க வகை செய்தது. பொட்டுக்கட்டுதல் 1947இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சீர்திருத்தவாதிகளுள் இதன் பொருளியலை முத்துலட்சுமி அளவுக்கு உணர்ந்தவர் அரிது. நிலத்தை முதலிலும் தடையைப் பின்னரும் வைத்த வரிசையிலேயே அது விளங்கும். அவர் நிறுவிய அவ்வை இல்லம் பெண்களுக்குக் கல்வியையும் தொழிலையும் தந்தது.

எதிர்த்தரப்பில் பெங்களூர் நாகரத்தினம்மாளும் சென்னைத் தேவதாசிகள் சங்கத்தாரும் இருந்தனர். கலை, சொத்து, பெண்வழி மரபுரிமை, தத்தெடுக்கும் உரிமை ஆகியவற்றை உடைய தம்மை விலைமாதர் என்று ஒரே சொல்லில் அடக்குவது அநீதி என்பது அவர்கள் முறையீடு. அதே சமூகத்தில் பிறந்து, அதன் கொடுமைகளை உள்ளிருந்து கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்றார். 1936இல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். இரு தரப்பிலும் பெண்களே இருந்தனர், இரு தரப்பிலும் உண்மை இருந்தது. சிறுமியைக் கேளாமலே அவளுக்குப் பொட்டுக் கட்டுவதை எந்த மரபும் நியாயப்படுத்த இயலாது. வளர்ந்த பெண்ணின் வருவாயை ஒழித்துவிட்டு, அடுத்த வேளைக்கு என்ன என்பதைச் சொல்லாத சீர்திருத்தமும் முழுமையானதன்று. நிலமில்லாத தாசிக்கு 1929இன் சட்டம் தர ஒன்றுமில்லை.

அக்காலத்தின் ஆலைகள் அவளுக்குப் புகலிடமாக இருந்தனவா? 1934இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘பொன்னகரம்’ இங்கே நினைவுக்கு வரும். அதன் நாயகி அம்மாளு ஓர் ஆலைத் தொழிலாளி என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அவளுக்கு வேலை இருந்தது, நூலும் இருந்தது. அடிபட்ட கணவனுக்குக் கஞ்சி ஊற்ற அந்தக் கூலி போதவில்லை என்பதே கதை. மாற்று வழி என்று நாம் சொல்லும் இடத்திலிருந்துதான் அவள் இருட்டுக்குள் போனாள்.

கொங்குநாட்டு ஆலைகளின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பக்கமும் உண்டு. கோவையை அடுத்த சின்னியம்பாளையத்தில் ஆலைத் தொழிலாளர் நால்வர் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டனர். கொல்லப்பட்டவன் ஆலைப் பெண் ஒருத்தியைச் சீரழித்த அடியாள் என்று தொழிற்சங்க வரலாறு கூறுகிறது. நால்வரும் தியாகிகளாக நினைவுகூரப்படுகிறார்கள். அந்தப் பெண் எதன் பொருட்டு ஆலைக்கு வந்தாள், அதன்பின் எப்படி வாழ்ந்தாள் என்பதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

*

திருப்பூருக்குத் திரும்புவோம். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்னும் வணிகர் வந்ததிலிருந்து ஏற்றுமதிக் காலத்தைக் கணக்கிடுவது ஊர் வழக்கம். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழில் சிறு சிறு கூடங்களாகவும் ஒப்பந்தங்களாகவும் சிதறியது. பிசிறு வெட்டவும் கைமடிக்கவும் அடுக்கவும் பெண்கள் பெருமளவில் உள்ளே வந்தனர். ஒன்றரை ஷிப்டு வேலை, சனிக்கிழமைச் சம்பளம், ஆர்டர் இல்லாத வாரத்தில் வெறுங்கை. 2021-22இல் ஊரின் ஏற்றுமதி முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. வெறுங்கை வாரங்களை அந்தக் கணக்கில் காண முடியாது.

இந்த வட்டாரத்தின் நூற்பாலைகளில் 1990களின் இறுதியிலிருந்து பரவியது ‘சுமங்கலித் திட்டம்’. தென்மாவட்டங்களின் வறிய குடும்பங்களிலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து, பதின்பருவப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்து வருவார்கள். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு தொகை. அது திருமணத்துக்கு உதவும். அதுவரை ஆலை விடுதியில் அடைபட்ட வாழ்வு. நடுவில் உடல்நலம் கெட்டு வெளியேறினால் தொகை இல்லை என்று பலருக்குச் சொல்லப்பட்டது. விடுதியின் பூட்டுக்குக் காட்டிய காரணம், பெற்றோர் கவலைப்படாதபடி பெண்ணின் மானத்தைக் காப்பது. 1961லேயே சட்டம் தடைசெய்த வரதட்சணை, ஓர் உழைப்பு ஒப்பந்தத்தின் பெயராகவே வந்து நின்றது.

இப்பூட்டுக்கு நிகரான இன்னொரு பூட்டு உண்டு. 1956ஆம் ஆண்டின் சட்டமும் அதன் 1986 திருத்தமும் உடலை விற்பதையே குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் விடுதி நடத்துவதும், பொது இடத்தில் அழைப்பதும் குற்றம். ‘மீட்கப்பட்ட’ பெண்ணைக் காப்பகத்தில் வைக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது இத்தகைய பெண்களின் இரத்த மாதிரிகளில்தான். 1990இல் மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் சிறப்பு ரயிலில் அழைத்து வரப்பட்டனர். விடுதலை என்று பெயரிட்ட அப்பயணம் காப்பகத்திலும் இரத்தப் பரிசோதனையிலும் போய் முடிந்தது. தொற்றைக் காரணம் காட்டி அடைத்துவைக்கப்பட்ட பெண்களை விடுவிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. ஆலை விடுதிக்கும் அரசுக் காப்பகத்துக்கும் பூட்டு ஒன்றே, சொன்ன காரணமும் ஒன்றே.

*

இங்கே வாசகர் ஒரு தடையை எழுப்பலாம். வறுமையில் தரும் சம்மதம் சம்மதமாகுமா? நல்ல வினா. அது சம்மதமாகாது என்றால், பதினைந்து வயதில் பெற்றோர் கையொப்பமிட்ட மூன்றாண்டு ஒப்பந்தமும் சம்மதமாகாது. ஒன்றில் சம்மதத்தை மறுத்து மற்றதில் ஏற்பதற்கு, அறத்தைத் தவிர வேறு காரணம்தான் இருக்க வேண்டும். மார்த்தா நுஸ்பாம் 1998இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உடலைக் கூலிக்குத் தருவது எல்லா உழைப்பிலும் உள்ளதே, கவலைப்பட வேண்டியது தெரிவுகளின் குறுக்கத்தைப் பற்றி என்று வாதிட்டார். இதைப் பெருமளவுக்கு ஏற்கிறேன். ஆயினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. பனியன் கம்பெனியிலிருந்து நின்றுவிட்ட பெண் தான் எங்கே வேலை பார்த்தாள் என்பதை எவரிடமும் சொல்லலாம், மற்றவளால் முடியாது. காவலரின் தடியும் வாடிக்கையாளனின் வன்முறையும் அவளுக்கே மிகுதி. ஆனால் இந்த வேற்றுமையில் பெரும்பகுதி தொழிலின் இயல்பிலிருந்து வந்ததன்று. நாம் அதன்மீது ஏற்றிய இழிவிலிருந்து வந்தது. கடத்தலும் சிறார் விற்பனையும் வேறு. அவை குற்றங்கள், அவற்றுக்கு இவ்வாதத்தில் இடமில்லை.

1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொல்லப்பட்ட வழக்கை 2011 பிப்ரவரியில் விசாரித்த உச்ச நீதிமன்றம், இப்பெண்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்குமாறு அரசுகளுக்கு ஆணையிட்டது. கைத்தொழில் தெரிந்தால் உடலை விற்க நேராது என்பது அதன் நம்பிக்கை. கௌடில்யரிடமும் காந்தியிடமும் நாம் கேட்ட அதே குரல். ஆனால் 2020இல் பெருந்தொற்றின்போது அதே நீதிமன்றம் அடையாளச் சான்று கேளாமல் அவர்களுக்கு உணவுப் பொருள் தரச் சொன்னது. 2022 மே 19 அன்று, வயது வந்து தன் விருப்பத்தில் இத்தொழிலில் இருப்பவரைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்றும், அரசியல் சாசனம் தரும் கண்ணியமான வாழ்வு அவர்களுக்கும் உரியது என்றும் கூறியது. பதினோரு ஆண்டுகளில் ஒரே வழக்கு, தொழிலை விட்டால் உனக்கு வாழ்வு என்ற இடத்திலிருந்து, வாழ்வு உனக்கு ஏற்கெனவே உரியது என்ற இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. பாரிசால் பெண்கள் 1925இல் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

தையல் எந்திரம் தவறான கொடை என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பி ஏற்றுப் பிழைத்தவர் பலர். ஆனால் அதைக் கொடுப்பவர்கள் கூடவே ஒரு கணக்கையும் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி, உருப்படிக்கு எத்தனை பைசா, பிள்ளையின் பள்ளிக்கும் வீட்டு வாடகைக்கும் அது போதுமா, மேற்பார்வையாளன் கை நீண்டால் யாரிடம் முறையிடுவது, சம்பளம் தள்ளிப்போனால் யாருக்குத் தண்டம். கௌடில்யரின் பட்டியலில் கடைசி இரண்டுக்கும் விடை இருந்தது. அவற்றுக்கு நம்மிடமும் சட்டங்கள் உண்டு. சனிக்கிழமை இரவு அவை அவள் கைக்கு எட்டுகின்றனவா என்பதைப் பார்த்த பிறகு, அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாம்.