ரப்பர் ஷீட்டை அமுக்கிய பழைய திருகு பிரஸ்

சிலாங்கூர் தோட்டங்களின் ரப்பர், 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வழியாகக் கப்பலேறியது. ஆரம்பத்தில் ஷீட்டுகளை மரப்பெட்டியில் அடைத்தார்கள். பெட்டிக்குத் தனிச் செலவு. போதாததற்கு அதன் மரச்சிராய்கள் ரப்பரில் ஒட்டிக்கொண்டு, வாங்கிய ஆலைகளுக்குத் தொல்லை தந்தன. பின்னாளில் பெட்டியே இல்லாத பேல் வழக்கத்துக்கு வந்தது.

பழைய கைப் பிரஸின் அமைப்பு எளிமையானது. பக்கங்களைக் கழற்றக்கூடிய சதுரப் பெட்டி, மேலே கனத்த இரும்புத் தகடு, அதை இறக்கும் பெரிய திருகு. திருகின் தலையில் நீண்ட கம்பியைச் செருகி ஆட்கள் சுற்றித் தள்ளுவார்கள். கம்பி நீளமானால் விசையும் பெருகும். கையை எடுத்தாலும் திருகு பின்வாங்காது; உராய்வே அதைப் பிடித்து நிறுத்தும்.

ரப்பருக்கு இந்தப் பிடிமானம்தான் முக்கியம். பஞ்சு பேலை அமுக்கியதும் இரும்புப் பட்டை கட்டாவிட்டால் விரிந்துவிடும். ரப்பரும் நிமிரத்தான் பார்க்கும். ஆனால் அழுத்தத்திலேயே நெடுநேரம் வைத்தால் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பட்டை தேவையில்லை. அதே தர ஷீட்டையே மேலே போர்த்தி, கப்பலில் பேல்கள் ஒட்டாதிருக்க டால்க் கலந்த கரைசலைப் பூசினார்கள். ஏறக்குறைய ஒன்பது பேல் ஒரு டன்.

பிரஸ் மறைக்கும் குறையும் உண்டு. சரியாகக் காயாத ஒரு ஷீட் நடுவில் சிக்கினால் உள்ளே பூசணம் பிடிக்கும். அது வெளியே தெரியாது. வாங்குபவர் பேலை வெட்டிப் பார்த்தால் தரம் இறங்கும், விலையும் இறங்கும். பால்மரம் வெட்டியவர் முதல் புகைக்கூடத்தில் விறகு போட்டவர் வரை எல்லாருடைய உழைப்பும் அந்த வெட்டில்தான் மதிப்பிடப்பட்டது.

1965இல் மலேசியா எஸ்.எம்.ஆர். தரமுறையைக் கொண்டுவந்தது. துகளாக்கி உலர்த்திய ரப்பரை ஹைட்ராலிக் பிரஸ் சட்டென அமுக்கி, சுமார் 33 கிலோ கட்டியாக்கியது. அதற்குப் பிளாஸ்டிக் உறையே போதும்.