உத்தரிக்கும் தலம்

கடவுளின் அருளோடு இறந்தும் முழுத் தூய்மை அடையாத ஆன்மாக்கள், விண்ணகம் சேருமுன் தூய்மை பெறுவதாகக் கத்தோலிக்கத் திருச்சபை கற்பிக்கும் நிலை. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் உத்தரிக்கிற ஸ்தலம் எனவும் உத்தரிப்பு நிலை எனவும் வழங்கும். இது நரகத்தின் ஒரு பகுதி அன்று. சாவான பாவத்தோடு மனந்திரும்பாமல் இறப்பவருக்கே நரகம். அங்கிருந்து மீட்சி இல்லை. உத்தரிக்கும் தலத்தில் இருப்போருக்கு விண்ணகம் உறுதி. அற்பப் பாவங்களும், மன்னிப்புப் பெற்ற பாவங்களுக்குச் செய்து முடிக்காத பரிகாரமுமே அவர்களைக் காக்க வைக்கின்றன. உலகில் வாழ்வோர் தம் செபம், தருமம், திருப்பலி ஆகியவற்றால் அவர்களுக்கு உதவலாம் என்பது இக்கோட்பாட்டின் மறுபாதி. வரலாற்றில் இந்த மறுபாதியே முந்தியது: இறந்தோருக்காக மக்கள் வேண்டினர், அவ்வேண்டுதலுக்கு என்ன பொருள் என்று இறையியலார் பின்னர் விளக்கினர்.

தொடக்க காலம்

இறந்தோருக்காகப் பாவப்பரிகாரப் பலி செலுத்தியதைப் பற்றிய பழைய குறிப்பு மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் உள்ளது. போரில் மடிந்த யூத வீரர்களின் ஆடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருந்தன. தலைவன் யூதா பணம் திரட்டி, அவர்களுடைய பாவம் தீரப் பலி செலுத்துமாறு எருசலேமுக்கு அனுப்பினான். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், ஒவ்வொருவரின் வேலையையும் நெருப்பு சோதிக்கும் எனக் கூறும் பகுதியும் பிற்காலத்தில் சான்றாகக் காட்டப்பட்டது.

203இல் கார்த்தேஜ் நகரில் மறைசாட்சியாக மாண்ட பெர்பேத்துவா, சிறையில் கண்ட கனவுகளைத் தாமே எழுதிவைத்தார். ஏழு வயதில் நோயால் இறந்த தம்பி, எட்டாத உயரத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியருகே தாகத்தோடு நிற்பதைக் கண்டு அவனுக்காகச் செபித்தார். அடுத்த கனவில் அவன் வேண்டுமட்டும் குடித்துவிட்டு விளையாடப் போனான். அதே காலத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன், கணவன் இறந்த நாளில் ஆண்டுதோறும் அவனுக்காக வேண்டும் விதவைகளைக் குறிப்பிடுகிறார். 387இல் ஓஸ்தியாவில் இறந்த மோனிக்கா, எங்கே புதைத்தாலும் சரி, பலிபீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்று மகன் அகுஸ்தினாரிடம் கேட்டுக்கொண்டார்.

இடைக்காலம்

முதலாம் கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய உரையாடல்கள் நூலில், மூன்று பொற்காசுகளை ஒளித்துவைத்திருந்த யுஸ்துஸ் என்ற துறவியின் கதை வருகிறது. அவருக்காக 30 நாள் இடைவிடாது திருப்பலி நிறைவேற்றப்பட்டு அவர் விடுதலை பெற்றார் என்பது கதை. கிரகோரியன் பூசை எனப்படும் தொடர் திருப்பலி இதிலிருந்து எழுந்தது. பிரான்சின் குளூனி மடத்து அதிபர் ஒடிலோ, 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நவம்பர் 2ஐ இறந்தோர் அனைவரின் நினைவு நாளாகத் தம் மடங்களில் நிறுவினார். அது மேலைத் திருச்சபை முழுவதும் பரவியது.

உத்தரிக்கும் தலம் தனக்கென ஓர் இடமாக உருப்பெற்றது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் 1981இல் வாதிட்டார். அதற்கு முன்பே அக்கருத்து முதிர்ந்திருந்தது என்பாரும் உளர். அயர்லாந்தின் லாக் டெர்க் ஏரித் தீவிலிருந்த ஒரு குகை அதன் வாசல் என நம்பப்பட்டு, ஐரோப்பாவெங்கும் இருந்து பயணிகள் வந்தனர். தாந்தே தம் காவியத்தில் அதை எருசலேமுக்கு நேர் எதிரே, கடல் நடுவே ஏழு அடுக்குகள் கொண்ட மலையாக அமைத்தார்.

மக்கள் கற்பனை விரிந்த அளவுக்குச் சங்கங்கள் பேசவில்லை. 1274இல் லியோனிலும் 1439இல் புளோரன்சிலும் கூடிய பொதுச்சங்கங்கள், தூய்மைப்படுத்தல் உண்டு, வாழ்வோரின் வேண்டுதல் உதவும் என்ற இரண்டோடு நின்றன. நெருப்பையோ இடத்தையோ அவை வரையறுக்கவில்லை. இச்சங்கங்கள் ஒன்றிப்பை நாடிய கிரேக்கத் திருச்சபையினர் இறந்தோருக்காக வேண்டுபவர்களே. ஆயினும் தூய்மைப்படுத்தும் நெருப்பு என்ற விளக்கத்தை அவர்கள் ஏற்க மறுத்ததே சங்கங்கள் அதை வரையறுக்காததற்கு முக்கியக் காரணம். கீழை மரபுவழித் திருச்சபைகள் இன்றும் அந்நிலையிலேயே உள்ளன.

பலன்களும் பிளவும்

பாவத்துக்குரிய தண்டனையைத் திருச்சபை குறைக்கும் சலுகை பலன் எனப்படும். அதை இறந்தோருக்கும் ஒப்புக்கொடுக்கலாம் என 1476இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அறிவித்தார். உரோமைப் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு நிதி திரட்ட, தொமினிக்கன் துறவி யோகான் தெட்சல் ஜெர்மனியில் பலன்களை விளம்பரப்படுத்தினார். பள்ளி வரலாற்று நூல்கள் இவற்றைப் பாவமன்னிப்புச் சீட்டு என்கின்றன. 1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகள் இவ்வணிகத்தைத் தாக்கினவே தவிர, உத்தரிக்கும் தலத்தை மறுக்கவில்லை. 1530இல்தான் அவர் அதை வெளிப்படையாக நிராகரித்து எழுதினார். மீட்பு விசுவாசத்தால் மட்டுமே என்ற பின் பரிகாரத்துக்கு இடமில்லை என்பது அவர் நிலை. மக்கபேயர் நூலையும் சீர்திருத்தச் சபைகள் இறைநூல் திரட்டில் சேர்க்கவில்லை. இங்கிலாந்தில் இறந்தோருக்காகத் திருப்பலி செய்ய விடப்பட்டிருந்த அறக்கட்டளைகள் 1547ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுடைமையாயின.

திரெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் கோட்பாட்டை உறுதிசெய்தது. அதே ஆணையில், நுட்பமான சர்ச்சைகளையும் பணம் பறிக்கும் வழக்கங்களையும் விலக்குமாறு ஆயர்களைப் பணித்தது.

தற்காலம்

முதல் உலகப் போரின் சாவுகளுக்கிடையே, நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலி நிறைவேற்றத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1915இல் இசைவளித்தார். உத்தரிக்கும் தலம் ஓர் இடமன்று, வாழ்வின் ஒரு நிலை என இரண்டாம் யோவான் பவுல் 1999இல் விளக்கினார். தூய்மைப்படுத்தும் நெருப்பு கிறிஸ்துவே எனச் சில இறையியலார் கருதுவதைப் பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வெளியிட்ட சுற்றுமடலில் எடுத்துரைத்தார்.

தமிழகத்தில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். குடும்பத்தார் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுகின்றனர். குரு கல்லறைகளை மந்திரிக்கிறார். நவம்பர் மாதம் முழுதும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படுகிறது. உத்தரிக்கும் தலத்தை ஏற்காத சீர்திருத்தச் சபையினர் பலரும் அன்று கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். இறந்தோருக்காக வேண்டுவதற்குப் பதிலாக அவர்களை நினைத்து நன்றி செலுத்துகின்றனர். கோட்பாட்டில் பிரிந்த சபைகள் இந்த வழக்கத்தில் அருகருகே நிற்கின்றன.