கட்டற்ற மென்பொருள் பரப்புரை (தமிழ்நாடு)

மூலநிரலைப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை தரும் மென்பொருள்களைத் தன்னார்வலர்கள் மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணி. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் சென்னைப் பயனர் குழு இதில் மூத்தது; பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடியது. விழுப்புரம், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களிலும் குழுக்கள் உருவாயின. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் கற்பித்தது. ஆங்கிலக் கையேட்டைக் கண்டு மிரண்ட மாணவருக்கு இது பெரிய கொடை.

பரப்புரையின் உயிர்நாடி நிறுவல் முகாம்தான். லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகி, மடிக்கணினியை மறுதொடக்கம் செய்து, முதலில் வன்வட்டைத் தொடாமல் லினக்ஸை ஓட்டிக் காட்டுவார்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்த பின்பே நிறுவுவார்கள். பழைய கோப்புகளுக்குப் படி எடுக்காமல் கைவைக்கக் கூடாது. ஒருவருடைய படங்கள் அழிந்தால் ஊரே நம்பிக்கை இழக்கும். அரங்கின் சாவி யாரிடம், வந்தவரை அடுத்த வாரம் கூப்பிட்டு விசாரிப்பவர் யார் என்று முன்கூட்டியே பிரித்துக்கொடுப்பதே ஒருங்கிணைப்பாளரின் முதன்மை வேலை. சுவரொட்டி அதற்கு அடுத்ததுதான்.

2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் வந்தது. இப்படிப் போடி மலையடிவாரப் பள்ளிகள்வரை லினக்ஸ் எட்டிவிட்டது. அதைத் திறந்து காட்ட ஆள்தான் போதவில்லை.

நிரல் எழுதாதோருக்கும் இதில் இடமுண்டு. மொசில்லாவின் காமன் வாய்ஸ் எனும் குரல் திரட்டும் திட்டத்தில் ஒருவர் தமிழ் வாக்கியத்தைப் படித்துப் பதிய, மற்றவர்கள் கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.