பரிணாமக் கொள்கையும் அளவை நூலும்

உயிரினங்களின் தோற்றம் பற்றிச் சார்லசு டார்வின் எழுதிய நூல் 1859-இல் வெளிவந்தது. ஆறு நாளில் ஆண்டவன் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே படைத்தானென்னும் விவிலிய உரையை எழுத்தளவிற் கொண்டோர் அதனை ஏற்றிலர். அமெரிக்காவில் டேட்டன் என்னும் சிற்றூரில், இக்கொள்கையைப் பள்ளியிற் கற்பித்தமைக்காக 1925-இல் ஓராசிரியர்க்கு நூறு டாலர் தண்டம் விதிக்கப்பட்டது; 1927-இல் மேன்முறையீட்டில் அது நீங்கிற்று.

இவ்வழக்கு சைவர்க்கு உரியதன்று. இல்லது தோன்றாதென்பது சித்தாந்தத் துணிபு. உயிர்களும் மாயையும் அநாதி. ஆதலின் பாழினின்று படைத்தலைக் காக்க வேண்டிய இடர் ஈண்டில்லை.

ஆயினும் 2018 சனவரியில் அவ்வழக்கின் நிழல் நம் நாட்டிலும் வீழ்ந்தது. மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணையமைச்சராயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை; டார்வின் கொள்கை பிழை; பாடத்திட்டம் மாறவேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியற் கழகங்களும் ஒருங்குகூடி அதனை மறுத்தன. இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்றென டார்வின் கூறிற்றிலர்; இரண்டற்கும் மூதாதை ஒன்றென்பதே அவர் கருத்து. அது நிற்க.

'கண்டார் இலர், ஆதலின் இல்லை' என்பது யாருடைய வாதம்? காட்சி யொன்றையே அளவையெனக் கொண்ட உலகாயதனுடையது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் முதற்கண் எடுத்து மறுத்தது அவன் மதத்தையே. உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலின் அதற்கொரு வினைமுதல் வேண்டுமென்னும் சிவஞானபோத முதற்சூத்திரமும் கருதலளவையால் நிற்பதன்றோ? உலகு படைக்கப்படுங்கால் அருகிருந்து கண்டவர் யாவர்? கருதலைத் தள்ளுவார் தம் சமயத்தின் முதற்படியையும் உடன் தள்ளுவாராவர்.

ஏட்டுச்சுவடி ஒப்புநோக்கிப் பழகினார்க்கு இவ்வளவை புதிதன்று. வெவ்வேறூரிற் கிடைத்த இரு சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் காட்டுமாயின், அவ்விரண்டும் ஒரு மூலவேட்டின் வழிவந்தன எனத் துணிகின்றோம். பாட்டுப் பொருந்துவது தற்செயலாகலாம்; பொருளற்ற பிழை பொருந்துவது அரிது. எழுதியவன் கையை நாம் கண்டதில்லை. உயிரினத்தும் அஃதே. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி என்னும் சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்வன. மனிதனுக்கும் குரங்கிற்கும் அதனை ஆக்கும் மரபணு பழுதுற்றுக் கிடக்கின்றது; நெல்லியையும் எலுமிச்சையையும் நாடவேண்டியது அதனாலேயே. பயனற்ற அப்பழுது இரண்டிடத்தும் ஒத்திருப்பது, மூலவேடு ஒன்றென்பதற்கே சான்று.

திண்டுக்கல் மாவட்டமே இத்தகைய சான்று தரும் நிலம். கொடைக்கானற் பகுதியின் பல்லியொன்று, தென்மேற்கு மலைத்தொடரிற் பரந்துள்ள ஒரே இனத்தைச் சேர்ந்ததென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. புறத்தோற்றம் அத்துணை ஒத்திருந்தது. மரபணுவை ஒப்புநோக்கியவழி வேற்றுமை புலப்பட, 2019-இல் ஆறு புதிய இனங்கள் பிரித்தறியப்பட்டன. கொடைக்கானலதற்குத் 'தொல்பல்லி' என்று தமிழ்ப்பெயரே இட்டனர். நகரை யடுத்துச் சமவெளியிடையே தனித்து நிற்கும் சிறுமலையின் பெயரால், 2020-இல் வேறொரு பல்லியினம் பெயர்பெற்றது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்த நாட்டில் பல்லியே இங்ஙனம் சொல்லத் தொடங்கியது வியப்பே.

இனி, இவையெல்லாம் ஆகமத்தில் முன்னரே உளவென்பாரும் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. சித்தாந்தத்துப் பரிணாமம் மாயையினின்று தத்துவங்கள் விரிவது. எண்பத்துநான்கு நூறாயிரம் யோனி என்பது வினைக்கேற்ப உயிர் உடம்பு மாறுவது, இனம் மாறுவதன்று. சொல் ஒன்றாயினமையின் பொருளும் ஒன்றெனல் போலி.

வழக்கின் பயன் பள்ளிச் சிறாரைச் சார்ந்தது. மத்தியப் பாடநூலின் பத்தாம் வகுப்பில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த இயல், 2023-இல் 'மரபு' என்னும் அளவிற் குறுகிற்று. 1,800-க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் திறந்த மடலிற் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் உளதென்பது அரசின் விடை. பத்தாவதோடு உயிரியலை விடுவார்க்கு அது எட்டாது. 2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலிலோ அது தனிப்பாடமாகவே நின்றது. ஆதலின் அவ்வாண்டு திண்டுக்கல்லில் ஒரு தெருவிலேயே, மாநிலப் பள்ளிச் சிறுவன் கற்றதனை மத்தியப் பாடத்திட்டத்து அயல்வீட்டுச் சிறுவன் கற்றிலன்.