‘பழைய துணி’: ஒரு கியூபத் தட்டின் கதை

இன்னைக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரலாறு பேசப் போகிறோம். தட்டு கியூபாவோடது. ஆனால் நான் அதை முதல்முதலாகச் சாப்பிட்டது கியூபாவில் இல்லை. கடலுக்கு வடக்கே, அமெரிக்காவின் மயாமி நகரத்தில். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

மயாமியில் தென்மேற்கு எட்டாம் தெரு என்று ஒரு நீண்ட சாலை. ஊர்க்காரர்கள் அதை ஸ்பானிஷில் ‘கய்யே ஓச்சோ’ என்கிறார்கள். அந்தப் பகுதிக்கே லிட்டில் ஹவானா என்றுதான் பெயர். அங்கே உணவகங்களின் முகப்பில் தெருவைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். நின்றபடியே காபி வாங்கிக் குடிக்கலாம். முதலில் இறங்கும் நாலு சொட்டு டிகாஷனில் சர்க்கரையைப் போட்டு நுரை வரும்வரை அடித்து, அதன்மேல் மிச்சக் காபியை ஊற்றுகிறார்கள். துளியூண்டு குவளை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் நின்று சத்தமாகப் பேசுகிறார்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் டீக்கடை பெஞ்சைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அது அரசியல் பேச்சு என்பதில் சந்தேகம் வராது.

உள்ளே உட்கார்ந்து ‘ரோப்பா வியேஹா’ கேட்டேன். பெயருக்கு அர்த்தம் பழைய துணி. மாட்டின் அடிவயிற்றுப் பக்கத்து இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, தக்காளி, சீரகம் எல்லாம் வதக்கியதில் போட்டுப் புரட்டி எடுக்கிறார்கள். கிழிந்த கந்தல் மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். பக்கத்தில் வெள்ளைச் சோறு, குழம்பு மாதிரி கறுப்பு பீன்ஸ், வறுத்த பழுத்த வாழை, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு. காரம் பேருக்குக்கூடக் கிடையாது. கரீபியன் தீவு என்றாலே நாக்கு எரியும் என்று நினைப்போம் இல்லையா, கியூபா அந்தக் கணக்கில் சேராது. ஆனால் சீரக வாசனை வந்ததும் எனக்குத் தட்டு அந்நியமாகத் தெரியவில்லை. பீன்ஸைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடத்தான் கை போனது.

பரிமாறிய அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒருநாள் கியூபாவுக்குப் போய்ப் பார்க்கணும் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே, “போங்க. ஆனா அங்க போய் இதைத் தேடாதீங்க” என்றார்.

ஒரு நாட்டின் பெயரில் விற்கிற சாப்பாடு அந்த நாட்டிலேயே கிடைப்பது கஷ்டம் என்றால், அது எப்படி நடந்தது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

தட்டிலிருந்தே தொடங்கலாம். அதில் இருப்பதிலேயே பழையது மரவள்ளிக்கிழங்கு. 1492இல் கொலம்பஸ் அந்தத் தீவில் கால் வைப்பதற்கு முன்பே, தைனோ மக்கள் இந்தக் கிழங்கைத் துருவிப் பிழிந்து ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னமெரிக்காவில் பிறந்த அதே கிழங்குதான் பின்னாளில் நம்ம பக்கம் வந்து சேலத்தில் ஜவ்வரிசி ஆனது. தைனோ மக்களில் பெரும்பாலோர் ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளிலேயே நோயாலும் கட்டாய உழைப்பாலும் அழிந்துபோனார்கள். கிழங்கு மிஞ்சியது.

‘பழைய துணி’ ஸ்பெயினிலிருந்து வந்தது. கனரித் தீவுகளில் இன்றைக்கும் கொண்டைக்கடலை சேர்த்து அதைச் செய்கிறார்கள். அடிப்படையில் அது சிக்கனத்தில் பிறந்த பண்டம். இறைச்சியை வேகவைத்த தண்ணீர் ஒருவேளைக்கு சூப். சாரம் போன சக்கையை வீணாக்காமல் மசாலாவில் புரட்டினால் அடுத்த வேளைக்குக் குழம்பு. சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வடித்தால் அதற்கு ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்று பெயர். கறுப்பு பீன்ஸ் மூர்கள், வெள்ளைச் சோறு கிறிஸ்தவர்கள். ஸ்பெயினில் முஸ்லிம் அரசுகளோடு நூற்றாண்டுகளாக நடந்த போரின் ஞாபகம் அது. அந்தப் போர் கிரனடா வீழ்ந்து முடிந்ததும் அதே 1492இல்தான்.

பிறகு சர்க்கரை. 19ஆம் நூற்றாண்டில் கியூபா உலகத்திலேயே பெரிய கரும்புத் தோட்டமாக மாறியது. வெட்டியது ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். அடிமைமுறை அங்கே சட்டப்படி ஒழிந்தது 1886இல்தான். தோட்டத்து அடிமைகளுக்குப் போட்டது பெரும்பாலும் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த உப்புக்கண்டமும் கருவாடும். 1847 முதல் 1874 வரை ஒன்றேகால் லட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஃபிஜிக்கும் கப்பல் ஏறியவர்களின் கதை தெரிந்த நமக்கு அந்த ஒப்பந்தம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கியூபாவில் இருந்த சீனர்கள் பலர் புரட்சிக்குப் பிறகு நியூயார்க் போய், வறுத்த சோறும் வறுத்த வாழையும் ஒரே மெனுவில் போட்டு உணவகம் நடத்தினார்கள். அதில் பேர்போன ஒன்று, லா கரிதாத் 78, 1968இல் திறந்து 2020 வரை ஓடியது. அதற்கே தனி எபிசோடு போடலாம், இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

சரி, மாட்டிறைச்சிக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

புரட்சிக்கு முன் கியூபாவில் ஏறக்குறைய ஆளுக்கு ஒரு மாடு இருந்தது. மயாமியில் இந்தக் கணக்கை அடிக்கடி சொல்வார்கள். கணக்கு பெரிய தப்பில்லை. ஆனால் யார் வீட்டில் அது சமைக்கப்பட்டது? 1950களின் நடுவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகச் சங்கம் கிராமத்து விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆய்வு எடுத்தது. அவர்கள் கம்யூனிஸ்டுகள் இல்லை என்பதைக் கவனிக்கணும். அந்த ஆய்வின்படி இறைச்சி வழக்கமாகச் சாப்பிட்டது 4 சதவீதக் குடும்பங்கள்தான். கரும்பு வெட்டு வருஷத்தில் சில மாதம். மீதி மாதங்களை ‘செத்த காலம்’ என்றே அங்கே சொன்னார்கள். வேலை இல்லை, கூலி இல்லை. சோறும் பீன்ஸும் கிழங்கும்தான்.

ஆக, ‘பழைய துணி’யை வாராவாரம் சாப்பிட்ட கியூபா என்பது பெரும்பாலும் நகரத்துக் கியூபா. 1959 ஜனவரி 1ஆம் தேதி பத்திஸ்தா நாட்டை விட்டு ஓடினார், காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். அடுத்த சில வருஷங்களில் முதலில் வெளியேறியவர்களில் அந்த நகரத்துக்காரர்கள் அதிகம்: டாக்டர்கள், வக்கீல்கள், கடை முதலாளிகள். 1960க்கும் 1962க்கும் நடுவில் 14 ஆயிரம் குழந்தைகளைப் பெற்றோர் தனியாகவே விமானம் ஏற்றி அனுப்பினார்கள். 1965 டிசம்பரிலிருந்து 1973 வரை வரதேரோவிலிருந்து மயாமிக்கு ‘சுதந்திர விமானங்கள்’ ஓடின. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். வீடு, கடை, சேமிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரணும். விட்டுவிட்டு வர முடியாதது நாக்கு ஒன்றுதானே.

கய்யே ஓச்சோவில் வெர்சாய் உணவகம் 1971இல் திறந்தது. நடத்தியவர் பேலிப்பே வால்ஸ், அவரும் அகதியாக வந்தவர்தான். சீக்கிரமே நிறையப் பேர் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பி ஒன்றுகூடுகிற இடமாக அது ஆனது. அந்த நாள் வரவில்லை. 2016 நவம்பர் 25ஆம் தேதி இரவு காஸ்ட்ரோ இறந்த செய்தி வந்ததும் ஜனங்கள் வந்து நின்று சட்டி பானையைத் தட்டிக் கூத்தாடியதும் அதே வாசலில்தான். ஒரு மனிதரின் சாவுக்கு நடுத்தெருவில் ஆடுவது எனக்கு ஒட்டாத விஷயம். ஆனால் நாற்பத்தைந்து வருஷமாக அந்த ஜன்னலில் நின்று காத்திருந்தவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இப்போது கடலின் மறுபக்கம். 1962இல் கியூப அரசு ரேஷன் அட்டை கொண்டுவந்தது. ‘லிப்ரேத்தா’ என்பார்கள், சின்ன நோட்டுப் புத்தகம். அரிசி, பீன்ஸ், சர்க்கரை, எண்ணெய், குழந்தைகளுக்குப் பால், எல்லாம் மிகக் குறைந்த விலைக்கு. செத்த காலத்தில் பட்டினி கிடந்த கரும்புத் தொழிலாளிக்கு அது பெரிய விஷயம். மயாமியில் லிப்ரேத்தாவைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்; நம்ம ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அதைக் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் 1968இல் நடந்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தோன்றவில்லை. அந்த மார்ச் மாதம் நாட்டில் மிச்சமிருந்த சின்ன வியாபாரங்களை, 55 ஆயிரத்துக்கும் மேல், அரசு எடுத்துக்கொண்டது. சர்க்கரை ஆலைகளும் வங்கிகளும் எப்போதோ அரசுக்குப் போய்விட்டன. இது தள்ளுவண்டி, தெருமுனைப் பலகாரக்கடை, ஒயின் கடை, செருப்புத் தைக்கிற இடம். ‘ஃபிரீத்தா’ என்று ஒன்று உண்டு, மசாலா சேர்த்த இறைச்சி வடையை பன்னுக்குள் வைத்து, மேலே மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலைத் தூவித் தருவார்கள். ஹவானாவின் தெருச் சாப்பாடு. வண்டிகள் போனதும் அதைத் தெருவில் விற்கிற பிழைப்பும் போனது. இன்றைக்கு ஃபிரீத்தா என்றால் மயாமிக்குத்தான் போகணும். ஒரு ஊரின் சமையலைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பது பெரிய ஹோட்டல் இல்லைங்க, தெருமுனைக் கடை. அதை மூடினால் கைப்பக்குவம் போய்விடும்.

மாடும் குறைந்துகொண்டே வந்தது. இருந்ததைக் காப்பாற்ற அரசு சட்டத்தை இறுக்கியது. நீங்களே வளர்த்த மாடாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் அறுத்தால் சிறை.

இந்த இடத்தில் நிட்சா வியபோல் என்கிற அம்மாவைச் சொல்லியே ஆகணும். 1951இல் ஹவானா டிவியில் ‘கொசீனா அல் மினுத்தோ’ என்ற சமையல் நிகழ்ச்சியைத் தொடங்கினார். புரட்சிக்கு முன்னால் நடுத்தர வர்க்கத்து இல்லத்தரசிகளுக்கான நிகழ்ச்சி. புரட்சி வந்தது, அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேல் அதே நிகழ்ச்சியை நடத்தினார். இந்தக் குழம்புக்கு என்னென்ன வேணும் என்று கேட்பதை அவர் விட்டுவிட்டார். இந்த வாரம் கையில் என்ன இருக்கு, அதை வைத்து என்ன செய்யலாம் என்று மாற்றிக் கேட்டார். முட்டை இல்லாத ஆம்லெட், எண்ணெய் குறைந்த வறுவல். அவருடைய பழைய சமையல் புத்தகத்தைத்தான் அகதிகள் மயாமிக்கு எடுத்துப் போனார்கள். ஒரே எழுத்தாளர், இரண்டு சமையலறை: அங்கே வெண்ணெயும் இறைச்சியும் இருந்த பதிப்பு, இங்கே அவை இல்லாத பதிப்பு.

1991இல் சோவியத் யூனியன் உடைந்ததும் இல்லாமை முற்றியது. எண்ணெய்க் கப்பல் நின்றது, டிராக்டர் நின்றது. பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. சத்துக் குறைவோடு தொடர்புடைய ஒரு நரம்பு நோயில் 50 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குப் பார்வையும் நடையும் பாதிக்கப்பட்டன. கிரேப்ஃப்ரூட் பழத்தின் தடித்த தோலை ஊறவைத்து, மாவில் புரட்டி, இறைச்சித் துண்டு மாதிரி வறுத்துச் சாப்பிட்ட கதைகள் அந்த வருஷங்களுடையவை. 1992இல் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று இந்தியாவில் வீடு வீடாகவும் கிராமம் கிராமமாகவும் திரட்டிய 10 ஆயிரம் டன் கோதுமை கப்பலில் கியூபா போனதும் அப்போதுதான்.

வேறு வழியில்லாமல் அரசு கதவைக் கொஞ்சம் திறந்தது. வீட்டிலேயே உணவகம் நடத்தலாம் என்று அனுமதி வந்தது. 1995 விதிப்படி 12 நாற்காலிதான். வேலைக்குக் குடும்பத்து ஆட்கள்தான். மாட்டிறைச்சி கூடாது, இறால் நண்டு கூடாது. இந்த வீட்டு உணவகங்களுக்கு ‘பலதார்’ என்று பெயர் வந்தது ஒரு பிரேசில் டிவி தொடரிலிருந்து. அதில் ஏழைக் கதாநாயகி தொடங்கும் சாப்பாட்டுக்கடையின் பெயர் அது. வரவேற்பறையில் மூணு மேசை போட்டுத் தொடங்கியவர்கள் சிலர் பெரிய ஆளானார்கள். 2011க்குள் 50 நாற்காலி வரை போடலாம் என்றானது. 2016 மார்ச்சில் ஹவானா வந்த ஒபாமா ஒரு பலதாரில்தான் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். ஆனால் அங்கே ஒரு வேளை சாப்பிட ஆகும் செலவு அரசு ஊழியரின் மாதச் சம்பளத்தைத் தொட்டுவிடும். அந்த மெனுவில் இருக்கும் ‘பழைய துணி’ சுற்றுலாப் பயணிக்கு. பல இடங்களில் அது ஆட்டிறைச்சியில் செய்தது. அரசுக்கு இத்தனை அளவு என்று கொடுத்தது போக மிச்ச மாட்டை விவசாயி அறுத்து விற்கலாம் என்று விதி தளர்ந்தது 2021இல்.

அதே 2021இலிருந்து நாட்டை விட்டுப் போகிறவர்கள் மறுபடி லட்சக்கணக்கில். லிப்ரேத்தாவில் வரும் சாமான் மெலிந்துகொண்டே போகிறது. 2024 தொடக்கத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் வேண்டும் என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் கியூப அரசே கேட்டது. ஹவானாவில் இன்றைக்கு ஒருவர் கோழி சமைக்கிறார் என்றால் அது பெரும்பாலும் அமெரிக்காவில் வெட்டி உறைய வைத்து அனுப்பிய கோழி. பொருளாதாரத் தடை இருந்தும் உணவுப் பொருளுக்கு 2000ஆம் வருஷத்திலிருந்து அமெரிக்கச் சட்டம் விலக்கு தருகிறது. மயாமியில் இருக்கும் மகள் இணையத்தில் பணம் கட்டினால், அம்மா வீட்டுக்கு அரிசி, எண்ணெய், கோழி கொண்ட பெட்டி போய்ச் சேரும். சில பெட்டிகளில் மாட்டிறைச்சியும் உண்டு. ஹவானா அம்மா அதைப் பிய்த்து வதக்கும்போது, சீரகமும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வரணும்.

அடுத்த எபிசோடில் அந்த நியூயார்க் சீனக் கியூபர்களைப் பற்றியே பேசலாம்.