வயிற்றில் ஒரு ஜன்னல்

நமக்கு எல்லாமே வயிற்றில்தான். பயம் வந்தால் வயிற்றைக் கலக்கும். கெட்ட செய்தி என்றால் புளியைக் கரைக்கும். பக்கத்து வீட்டுக்காரன் புதுக்கார் வாங்கினால் எரியும். மனசுக்கு வயிற்றில் ஒரு கிளை அலுவலகம் உண்டு என்பதைத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டது. மருத்துவர் ஒருவர் அதைக் கண்ணால் பார்த்து எழுதி வைக்க, ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடிக்க வேண்டியிருந்தது.

1822 ஜூன் 6. அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் இருக்கும் மெக்கினா தீவு. விலங்குத் தோல் வியாபாரம் செய்யும் கம்பெனியின் கடையில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சு பேசும் கனடியர். தோணியில் துடுப்புப் போட்டுச் சரக்கு ஏற்றி இறக்கும் கூலித் தொழிலாளி. ஒரு கஜ தூரத்தில் யாரோ வைத்திருந்த துப்பாக்கி வெடித்தது. இடது விலா உடைந்தது, நுரையீரல் வெளியே தெரிந்தது, காலையில் சாப்பிட்டதும் ஓட்டை வழியே வெளியே வந்தது. ஓடிவந்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், ஆள் தேறமாட்டார் என்றே நினைத்தார்.

தேறிவிட்டார். ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பும் தோலின் விளிம்பும் ஒட்டி ஆறிவிட்டதால் அது நிரந்தர வாசலாகிவிட்டது. பிறகு உள்ளிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து அதைத் திரைபோல் மறைத்தது. விரலால் தள்ளினால் போதும், உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்.

அதுவரை செரிமானம் என்றால் என்ன என்பதில் ஒத்த கருத்து இல்லை. இரைப்பை ஆட்டுக்கல் மாதிரி அரைக்கிறது என்றார்கள் சிலர். அடுப்பு மாதிரி வேகவைக்கிறது, இல்லை, மாவு மாதிரி புளிக்கவைக்கிறது என்றார்கள் மற்றவர்கள். மொத்தத்தில் ஒரு சமையலறையையே உள்ளே கட்டிவைத்திருந்தார்கள்!

1825 ஆகஸ்ட் 1ஆம் தேதி போமண்ட் இறைச்சித் துண்டுகள், காய்ந்த ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி ஓட்டைக்குள் இறக்கினார். தூண்டில் போடுவதுபோலத்தான். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தால் கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரைப்பை நீரைக் குழாயில் எடுத்து, சின்னக் குப்பியில் உணவோடு போட்டுச் சூடாக வைத்தபோது, வயிற்றுக்கு வெளியேயும் உணவு கரைந்தது. சில சமயம் உடல்சூட்டுக்காக அந்தக் குப்பியைச் செயின்ட் மார்ட்டினின் அக்குளிலேயே இடுக்கிவைத்தார். அரைப்பதோ புளிப்பதோ அல்ல, இது ரசாயன வேலை என்பது உறுதியானது. வெறும் வயிற்றில் அமிலம் இருக்கிறதா என்று அறிய, போமண்ட் அந்த இரைப்பையைத் தன் நாக்காலேயே தொட்டுப் பார்த்தார். புளிக்கவில்லையாம். ஆராய்ச்சிக்கு அர்ப்பணிப்பு வேண்டும்தான். அதுக்காக இவ்வளவா?

எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதற்குப் பிறகுதான். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோது அந்தக் கோபம் ஜன்னல் வழியே தெரிந்தது. இரைப்பையின் உட்சுவர் சில சமயம் சிவந்து வறண்டது, சில சமயம் வெளிறியது. பித்தநீர் மேலேறி வந்தது. பயமோ கோபமோ, நரம்பு மண்டலத்தைக் குலைப்பது எதுவானாலும் இரைப்பையையும் குலைக்கும் என்று போமண்ட் பதிவுசெய்தார். மூளைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பு, குடல் சுவரிலேயே குடியிருக்கும் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் என்று இன்று விரியும் ஆய்வுகளுக்கு அது ஓர் ஆரம்பப் புள்ளி.

சரி, அவருக்கு ஏன் கோபம்? போமண்ட் வீட்டில் விறகு வெட்டினார், எடுபிடி வேலை பார்த்தார். நடுநடுவே படுக்கவைத்துக் குழாய் செருகினால் யாருக்குத்தான் வராது? போமண்டின் குறிப்புகளில் காற்றும் மேகமும் வெப்பமானி அளவும் உண்டு. கோபமும் அந்த வரிசையில்தான் வருகிறது, அன்றைய வானிலை மாதிரி.

போமண்டைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். உயிரைக் காப்பாற்றியவர், ஊர் நிர்வாகம் கைவிட்டபோது தன் வீட்டில் வைத்துப் பராமரித்தவர். ஆனால் 1832இல் அவர் ஓர் ஒப்பந்தம் எழுதினார். தான் போகும் இடமெல்லாம் செயின்ட் மார்ட்டின் கூட வரவேண்டும், இரைப்பையைச் சோதனைக்குத் தரவேண்டும். பதிலுக்குச் சாப்பாடு, துணிமணி, தங்குமிடம், வருஷத்துக்கு 150 டாலர். எழுதப் படிக்கத் தெரியாத செயின்ட் மார்ட்டின் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குறியின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

1833இல் புத்தகம் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். போமண்டுக்குப் பெரும் புகழ். செயின்ட் மார்ட்டின் ஏற்கெனவே 1825இல் சொல்லாமல் கிளம்பிப் போய், கல்யாணம் செய்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். 1834இல் போனவர் பிறகு வரவே இல்லை. போமண்ட் கடைசிவரை கடிதம் எழுதிக் கூப்பிட்டுப் பார்த்தார். 1853இல் மருத்துவர் முதலில் போய்ச் சேர்ந்தார். ஓட்டை வயிற்றோடு இருந்தவர் அதற்குப் பிறகும் 27 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1880இல் அவர் கியூபெக்கில் இறந்தபோது, புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அந்த இரைப்பையை வாஷிங்டன் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்கு வாங்கித்தர விரும்பினார். பிரேதப் பரிசோதனைக்கு வரவேண்டாம் என்று ஊரிலிருந்து எச்சரிக்கை போனது. கோடை வெயிலில் உடல் அழுகும்வரை குடும்பத்தார் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். நாற்றம் தாங்காமல் சவப்பெட்டியைத் தேவாலயத்துக்கு வெளியே வைத்துத்தான் பூசை நடந்தது. பிறகு எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள்.

அறியாமை என்று இதைச் சிரித்துத் தள்ளியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாண்டுக்கு மேல் கண்டவர் விரலும் நுழைந்த வயிறு அது. ஒருவழியாக அதைச் சாத்திவிட்டார்கள்.