அழைப்பை ஏற்ற கணினிகள்: டயல்-இன் காலமும் கொச்சியும்

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகு வணிகம் சரக்கை நம்பியிருந்த அளவுக்குச் செய்தியையும் நம்பியிருந்தது. 1957இல் தொடங்கப்பட்ட இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் யூதத் தெருப் பகுதியில் நடத்திவந்த முன்பேரக் கூடத்தில், அதாவது பின்னொரு நாளில் ஒப்படைக்க வேண்டிய சரக்குக்கு இன்றே விலை பேசி முடிக்கும் இடத்தில், தரகர்கள் தொலைபேசியில் பெற்ற ஆணைகளை உரக்கக் கூவி வணிகம் செய்தனர். மனிதக் குரலைச் சுமந்த அதே வகைக் கம்பிதான் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினிகளின் தரவையும் சுமந்தது. கொச்சியின் கடலடிக் கம்பிவடங்களைப் பற்றிப் பேசுமுன் இந்த இடைக்கட்டத்தை அறிந்துகொள்வது அவசியம்.

இக்கட்டத்தின் அடிப்படை யூனிக்ஸ் இயங்குதளம் ஆகும். கணினியின் இலக்கத் தரவை ஒலியாகவும் ஒலியை மீண்டும் தரவாகவும் மாற்றும் மோடத்தின் வழியாக ஒரு யூனிக்ஸ் கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளை மாற்றிக்கொள்ள, யூ.யூ.சி.பி. என்ற நிரல்தொகுதியைப் பெல் ஆய்வகத்தின் மைக் லெஸ்க் 1976இல் உருவாக்கினார். அனுப்ப வேண்டிய மடல்களை வரிசையில் சேர்த்துவைத்து, இணைப்புக் கிடைக்கும்போது மொத்தமாக அனுப்பும் முறை அது என்பதால், இடையறாத இணைப்புக்குப் பணமோ வசதியோ இல்லாத நிறுவனங்களுக்கு அது பொருந்தியது.

இந்தியாவும் அந்நிலையில்தான் இருந்தது. நடுவண் அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பில், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், மின்னணுவியல் துறை ஆகிய எட்டு அமைப்புகள் பங்கேற்றன. சீனிவாசன் ரமணியின் தலைமையில் இயங்கிய அந்தப் பம்பாய் மையமும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் 1986-87 காலத்தில் தொலைபேசி வழியே மின்மடல் பரிமாறத் தொடங்கின. எட்டு அமைப்புகளையும் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள குத்தகைக் கம்பிகள் இணைத்து முடித்தபோது ஆண்டு 1992 ஆகியிருந்தது.

தொலைபேசி வழி ஏற்பாட்டில் அழைப்பவரின் வேலை எளிது. அழைப்பை ஏற்கும் கணினியை ஆயத்தப்படுத்துவதே நுட்பமானது. மணி அடித்ததும் தானாக எடுக்கும்படி மோடத்தை அமைத்து, அது இணைந்துள்ள தொடர்வரிசை வாயிலில் கெட்டி என்னும் நிரலை நிறுத்திவைப்பார் நிர்வாகி. அந்நிரல் வாயிற்காவலரைப் போலக் காத்திருந்து, அழைப்பு வந்ததும் பயனர்பெயரைக் கேட்டு வாங்கி, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலிடம் ஒப்படைக்கும். ஒருவர் விலகியதும் அடுத்தவருக்காகக் கெட்டியை மீண்டும் எழுப்புவதற்கான ஆணை கணினியின் தொடக்கக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொல் கோப்பில் ஒவ்வொரு பயனரின் வரியிலும் கடைசியாக உள்ள புலம், உள்ளே வந்தவருக்கு எந்த நிரல் கிடைக்கும் என்பதை முடிவுசெய்தது: மனிதருக்குக் கட்டளைகளை ஏற்கும் ஷெல் கிடைக்கும், மடல் மாற்ற வந்த கணினிக்கு யூ.யூ.சி.பி.யின் பரிமாற்ற நிரல் மட்டுமே கிடைக்கும். இணைப்பு அறுந்ததை மோடம் கணினிக்கு உணர்த்தும்படி அமைக்கத் தவறினால், முந்தையவரின் திறந்த அமர்வுக்குள் அடுத்து அழைப்பவர் நேரே நுழைந்துவிடும் ஆபத்து இருந்தது. ஒரே மோடம் அழைக்கவும் ஏற்கவும் பயன்பட்ட இடங்களில், இரண்டு நிரல்கள் மோதாமலிருக்கப் பூட்டுக் கோப்புகள் தேவைப்பட்டன.

பின்னர் ஸ்லிப், பி.பி.பி. என்னும் நெறிமுறைகள் தொலைபேசி இணைப்பையே இணையத்தின் ஒரு கிளையாக மாற்றின. ஏற்கும் கணினி அழைத்தவருக்கு ஓர் இணைய முகவரியும் வழங்கியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது இவ்விரு தலைமுறைகளும் அருகருகே விற்பனைக்கு வந்தன. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்ற ஷெல் கணக்கில், வீட்டுக் கணினி வெறும் திரையாக நிற்க, வேலை முழுவதும் தொலைவிலிருந்த யூனிக்ஸ் கணினியில் நடந்தது; நிறுவனங்களுக்கான ஸ்லிப், பி.பி.பி. கணக்கு 15,000 ரூபாய். பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை என்ற முதல் பட்டியலில் கொச்சி இல்லை. பட்டியலுக்கு வெளியே இருந்த ஊரிலிருந்து அந்நகரங்களின் மோடங்களை நேரடியாக அழைப்பவர் வெளியூர் அழைப்புக் கட்டணத்தையும் சேர்த்தே செலுத்த வேண்டியிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் கொச்சியின் நிலை தலைகீழாக மாறியது. 1997இல் மட்டாஞ்சேரியில் பன்னாட்டு மிளகு முன்பேர வணிகம் தொடங்கியது. சுமார் 39,000 கிலோமீட்டர் நீளமுள்ள சீ-மீ-வீ 3, 2002இல் மலேசியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த சேஃப் ஆகிய கடலடிக் கம்பிவடங்கள் கொச்சியில் கரையேறின. 2003இல் நடுவண் அரசு பண்ட முன்பேரத் தடைகளை நீக்கியபின் நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் பெருக, மிளகு விலை கூவலிலிருந்து திரைக்கு நகர்ந்தது.

கப்பல்களும் கம்பிவடங்களும் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. அழைப்பை ஏற்கக் கணினிகளைப் பழக்கிய நிர்வாகிகளின் உழைப்பு இடம்பெறுவதில்லை. இந்திய இணையத்தின் முதல் கட்டம் விலையுயர்ந்த கம்பிகளால் அல்ல, இருந்த தொலைபேசியைக் கொண்டு யாரை உள்ளே விடுவது, எதுவரை விடுவது என்று சிந்தித்து எழுதப்பட்ட சில வரிகளால் உருவானது. அக்காலத்து அமைப்புக் கோப்புகளும் பதிவேடுகளும் எந்தக் கல்வி நிறுவனத்தில், எந்த அலுவலகத்தில் எஞ்சியிருந்தாலும், வணிக ஆவணங்களுக்கு நிகரான வரலாற்றுச் சான்றுகளாகக் கருதி அவற்றைக் காப்பது அந்நிறுவனங்களின் கடமை.